அப்பாவின் ஹார்மோனியத்தைப் பாட வைத்த கதை

டிசம்பர் 24 இரவு குடும்ப ஜெபத்துக்கு ஹார்மோனியம் தயாராகிவிட்டது. காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகளான ரீடுகள் 78இல் 77 பேசுகின்றன. துருத்தி காற்றைப் பிடிக்கிறது. ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து இழுக்கும் கப்ளர் மட்டும் வேலை செய்யவில்லை, அதை இந்த வருஷம் தொடவில்லை. பழைய பெட்டியைத் திறக்கப் பயந்துகொண்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு உதவும் என்று செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். தாத்தா உபதேசியாராக இருந்தவர். அப்பா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, 1978இல், மதுரையில் பழையதாக வாங்கிய பெட்டி இது. 39 கட்டை, இரட்டை ரீடு. அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்துக்குத் தடை இருந்தது. “ரேடியோக்காரன் வேண்டாம்னு சொன்னத நம்ம கோயில் முப்பது வருசம் மடியில வச்சுக் காப்பாத்துச்சு” என்று அப்பா பெருமையாகச் சொல்வார். கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி எல்லாரும் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, முந்திரிக்கொத்துச் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்து ஜெபம். ஒரு கீர்த்தனை, வேதப் பகுதி, இன்னும் இரண்டு கீர்த்தனை, பரமண்டல ஜெபம். படுத்து எழுந்தால் அதிகாலை ஆராதனை. நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் முறை.

அப்பா இறந்த வருஷம் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. வெறும் குரலில் பாடி முடித்தோம். அடுத்த வருஷம் அண்ணன் மகன் போனில் கரோக்கி ட்ராக் போட்டான். பிள்ளைகள் பாடினார்கள். அத்தையால் முடியவில்லை. அப்பாவின் அக்கா அவர், எழுபத்தெட்டு வயசு, எங்கள் வீட்டில் முதல் அடி எடுப்பது எப்போதும் அவர்தான். ட்ராக் எங்கேயோ உயரத்தில் இருந்தது. பல்லவியில் எட்டிப் பிடித்தார், சரணத்தில் நிறுத்திவிட்டார். பிறகு சேலைத் தலைப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ கிறிஸ்மஸ் பார்த்த வீடு இது. அத்தை பாடாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் மதுரையில் ஒரு கடைக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். பழைய ரீடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுசு போட்டு, 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதி அளவுக்கு ட்யூன் செய்து தர 7,500 ரூபாய் என்றார்கள். நியாயமான விலைதான். ஆனால் ரீடை எடுத்துவிட்டால் சத்தம் அப்பாவுடையதாக இருக்காது. பெட்டி மட்டும்தான் மிஞ்சும். அதனால் நானே திறந்தேன்.

மேல் மூடியையும் கண்ணாடியையும் கழற்றி, கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் நீளச் சட்டத்தின் திருகாணிகளில் ஒவ்வொரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டேன். ஊறவிடாமல் திருகினால் திருகாணித் தலை சிதைந்துவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கட்டைகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போடுவது அவசியம். நான் போட வேண்டியிருக்கவில்லை. 1 முதல் 39 வரை அப்பா ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார், அவருடைய சாய்ந்த 7 உட்பட.

கட்டைக்கு அடியில் இருந்தது தேரி. சிவப்பு மண், மாவு மாதிரிச் சலித்தது, ரீடு போர்டின் ஓரங்களிலும் ஸ்பிரிங் இடுக்குகளிலும் படிந்து கிடந்தது. ஆனி, ஆடிக் காற்றில் எங்கள் வீட்டுச் சோற்றிலேயே அந்த மண் இருக்கும். பெட்டி மேற்கு ஜன்னலோரம் இருந்திருக்கிறது. உலர்ந்த பெயிண்ட் பிரஷ், ஒரு அங்குலம், மென்மயிர். அதைக் கொண்டு தள்ளி, வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய துணி கட்டித் தூரத்தில் பிடித்து இழுத்தேன். ஊதக் கூடாது. ஊதினால் மண் ரீடின் நாக்குக்குள் போய் உட்காரும்.

அடுத்தது காற்றுச் சோதனை. ரீடைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். காற்றே நிற்காத பெட்டியில் எந்த ரீடு கெட்டது, எது நல்லது என்று சொல்லவே முடியாது. ரீடுகளுக்குக் காற்றுவிடும் குமிழ்களான ஸ்டாப் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, துருத்தியை நிறைய அடித்து, உள்துருத்தி முழுதும் அமர எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்த்தேன். 4 விநாடி. கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்து, துருத்தியின் மடிப்புகளை ஒட்டி மெதுவாக நகர்த்தினால் புகை எங்கே கலைகிறதோ அங்கே ஓட்டை. இடது பக்க மேல் மூலை, அடி மடிப்பின் மூன்று இடங்கள், பிறகு வெளித்துருத்தியின் உள்ளே காற்று வாங்கும் தோல் நாக்கு. தோல் அப்பளம் போல் விறைத்து ஓரம் மடங்கிவிட்டிருந்தது.

இங்கே ஒரு தடவை வழி தவறியது. குஷன் தைக்கும் கடையில் கறுப்பு ரெக்ஸின் வாங்கி, ரப்பர் சொல்யூஷன் தடவி மடிப்பு முழுவதும் ஒட்டினேன். ஓட்டை அடைந்தது, காற்று நின்றது, ஆனால் துருத்தி மூடவில்லை. ரெக்ஸின் தடிமன் மடிப்புக்குள் போய் அடைத்துக்கொண்டு, கை எடுத்தவுடன் துருத்தி தானாகத் திறந்தது. அடிக்கிற கைக்கும் வலி. முழுவதையும் உரித்தெடுத்து, அடி அட்டையில் ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்ட வேண்டியதாயிற்று.

சரியான பொருளைச் சொன்னவர் ஊரில் ஜெபப் புத்தகங்கள் பைண்டிங் செய்கிற அண்ணாச்சி. மடிப்பின் நீளப் பக்கங்களுக்கு பைண்டிங் காலிகோ துணி போதும், மூலைகளுக்கு மட்டும் மெல்லிய ஆட்டுத்தோல். “தோலோட ஓரத்த பிளேடு வச்சுச் சீவிக் கூராக்கிட்டு ஒட்டு, இல்லன்னா திட்டு விழும்” என்றார். பசைக்கு வஜ்ஜிரம். தச்சர்கள் உபயோகிக்கிற பழைய பசைதான். கட்டியை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வெந்நீர் சூட்டில் இளக்க வேண்டும். நேரடி அடுப்பில் வைத்தால் கருகிப் பிடிப்பு போய்விடும். வீடு முழுக்க நாற்றம் அடித்தது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வஜ்ஜிரத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஒட்டியது கோணலாகிவிட்டால் ஈரச்சூடான துணி வைத்தால் இளகிவிடும். அடுத்த தலைமுறையில் யாராவது திறக்க நினைத்தாலும் கிழிக்காமல் திறக்கலாம்.

காலிகோ 3 செ.மீ. அகலப் பட்டைகள், தோல் மூலைகள் 5 செ.மீ. சதுரம், உள்நாக்குக்குப் புதுத் தோல், மென்பக்கம் மரத்தைப் பார்த்தபடி. துருத்தியைப் பாதி விரித்த நிலையில் கட்டி இரண்டு நாள் காயவிட்டேன். முழுதும் மூடிக் காயவிட்டால் விரிக்கும்போது பிய்யும், முழுதும் விரித்துக் காயவிட்டால் மூடாது. மறுபடி காற்றுச் சோதனை: 28 விநாடி. பழைய பெட்டிக்கு இது போதும்.

பிறகு ரீடு. போர்டைத் திருப்பினால் இரண்டு வரிசையும் தெரியும். கடற்காற்றுக்குப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏ பிள்ளே, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரிப் புளி போட்டுத் தேய், பளபளன்னு வரும்” என்றார். மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. புளி பித்தளையை அரிக்கும், நாக்கின் கனம் மயிரிழை குறைந்தாலும் சுருதி மாறும். உலர்ந்த டூத் பிரஷ்ஷால், நாக்கின் அடியிலிருந்து நுனியை நோக்கி மட்டும், லேசாக. எதிர்ப்பக்கம் தேய்த்தால் நாக்கு தூக்கிக்கொள்ளும்.

பேசாத ரீடுகள் 11. அவற்றில் 9 வெறும் அழுக்கு. நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே 0.1 மி.மீ. சவர பிளேடை நுழைத்து, நாக்கைத் துளி உயர்த்தி, ஓரங்களில் ஒரு இழுப்பு இழுத்தால் சிவப்புத் தூள் விழும். விரலால் நுனியைத் தட்டிவிட்டால் ‘டிங்’ என்று கேட்கும், அவ்வளவுதான். ஒன்று, மேல் வரிசையின் கடைசி, என்ன செய்தும் பேசவில்லை. யாரும் அங்கே போய்ப் பாடுவதில்லை, விட்டுவிட்டேன். இன்னொன்று பேஸ் (கீழ்ஸ்தாயி) வரிசையில் நடு ‘ப’, நாக்கு வேரோடு ஒடிந்திருந்தது. அதிகம் அடிபட்ட ரீடு அது. வாசிக்கிறவர் எவ்வளவு வாசித்தார் என்று அந்த ஒரு முறிவு சொன்னது. புது ரீடு கூரியரில் வரவழைத்தேன்.

கட்டையை அழுத்தாமலே பேசிக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்றில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இன்னொன்றில், கட்டைக்கு அடியில் காற்றுத் துளையை மூடும் அடைப்பானின் ஃபெல்ட்டைப் பூச்சி தின்றிருந்தது. 2 மி.மீ. ஃபெல்ட், மேலே தோல், அளவாக வெட்டி ஒட்டினேன். ஒட்டிய பிறகு அடியில் ஒரு துண்டு செய்தித்தாளை வைத்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிமானம் இருந்தால் சரி.

மூடியைத் துடைக்கும்போதுதான் உட்பக்கத்துத் தாளைக் கவனித்தேன். எப்போதும் அங்கே இருந்ததுதான், பாட்டு வரிசை என்று நினைத்திருந்தேன். பாட்டு வரிசை இல்லை. ஆட்கள் வரிசை. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே அவர் பாடும் சுருதி, கட்டைக் கணக்கில். எண் குறையக் குறையச் சுருதி இறங்கும். ‘ஐயா – 1’, பக்கத்தில் சிறிய சிலுவை, 1989. தாத்தா இறந்த வருஷம். அம்மாவுக்கு 4½, கடைசிவரை மாற்றவில்லை. எனக்கு 5½. அண்ணனுக்கு 5 அடித்து, 1½. ‘அக்கா’ என்ற வரிதான் நீளம்: 5 அடித்து 4½, 1996. அது அடித்து 4, 2008. அதுவும் அடித்து 3, 2017. பென்சில், பேனா, மறுபடி பென்சில்.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். “குரல் இறங்குனத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவன். நான் இன்னும் அஞ்சுலதான் பாடுதேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும், அவர் மூச்சு எடுக்கும் முன்பே, அப்பா கைகளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறார். அத்தைக்கு உயரத்தில் முட்டாததால் ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. தாளில் அப்பாவின் பெயர் மட்டும் இல்லை. கேட்டதற்கு அத்தை, “அவனுக்கு எதுக்கு? யாரு எடுக்காவளோ அவிய கூடப் பாடிக்கிடுவான்” என்றார்.

இதற்குப் பிறகு சுருதியை என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ட்யூனர் ஆப்பில் பார்த்தபோது பெட்டி முழுவதும் ஒரே சீராக 440க்குக் கீழே, 434 பக்கம் நின்றது. அரைக் கட்டையில் கால்வாசி இறக்கம். முதலிலேயே அப்படித்தானா, வயசாகி இறங்கியதா என்பது முக்கியமில்லை, தங்களுக்குள் ரீடுகள் ஒத்துப் பேசுகின்றன. சிக்கல், அண்ணன் மகன் கீபோர்டு வாசிப்பான், அது 440. இரண்டும் சேர்ந்தால் தேனீக் கூட்டம். 78 ரீடையும் சுரண்டி ஏற்றுவதா? ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், வேரைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்பி வராது. கீபோர்டிலோ ட்யூனிங் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, எண்ணை மாற்றினால் முடிந்தது. 434.0 வைத்தோம். பொத்தானை அழுத்தியது பையன்தான். “தாத்தா சுருதிக்கு நாம போயிருவோம் அத்தே” என்றான் என்னிடம்.

ஆப்பின் அடிப்படைச் சுருதியையும் 434க்கு மாற்றிக்கொண்டு, விலகி நின்ற ஆறு ரீடுகளை மட்டும் தொட்டேன். நாக்குக்கு அடியில் பிளேடைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கூரான ஊசிமுனை அரத்தால் இரண்டு கீறல், பெட்டியில் வைத்து வாசித்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு கீறல். புதுசாக வந்த ‘ப’ 440 கணக்கில் செய்தது, அதை வேரில் சுரண்டி இறக்கினேன். கையில் ஊதிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, பெட்டிக்குள் வேறு மாதிரி ஒலிக்கும். அந்த ரீடு இன்னும் மற்றவற்றை விடக் கொஞ்சம் உரக்கவே பேசுகிறது. பழகினால் அடங்கும் என்று நம்புகிறேன்.

ஒத்திகையில் அத்தைக்கு 3 கட்டை சரணத்தில் இழுத்தது. கேட்டுவிட்டு 2½க்கு மாற்றினோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளில் 3ஐ அடித்து எழுதினேன். தாத்தாவின் சிலுவைக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து, அப்பாவின் பெயரையும் சிலுவையையும் வருஷத்தையும் எழுதினேன். சுருதி எண் போடவில்லை.

24 இரவு ஜெபத்தில் அத்தைதான் எடுத்தார். இரண்டாவது சரணத்தில் அம்மாவுக்குக் குரல் உடைந்தது, அண்ணன் சேர்ந்துகொண்டு தாங்கினான். துருத்தியை நான் இன்னும் அப்பா மாதிரிச் சீராக அடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. வரி முடிவில் காற்று தொய்கிறது. மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று ஒவ்வொரு ஆராதனையிலும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். அதை நான் முழு மனசோடு நம்புகிறேன். அந்த நம்பிக்கை இருக்கிறவர்களுக்கும் கூடத்தில் ஒரு இடம் காலியாகத்தான் தெரியும். அன்று அந்த இடத்தில் பெட்டி இருந்தது, எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து கீர்த்தனை பாடினோம். வழக்கமாக மூன்றுதான்.

செலவு: ஆட்டுத்தோல் இரண்டு சதுர அடி 240, காலிகோ ஒரு மீட்டர் 90, வஜ்ஜிரம் கால் கிலோ 150, ஃபெல்ட் 160, ரீடு கூரியரோடு 190, ஸ்பிரிங் 60, உப்புத்தாள் வகையறா 40, வீணான ரெக்ஸின் 180. மொத்தம் 1,110 ரூபாய். ஊசிமுனை அரம் அப்பாவின் டூல்ஸ் பெட்டியிலேயே இருந்தது.

மறுபடி செய்வதாக இருந்தால் துருத்தியை மழைக்காலத்தில் தொட மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வஜ்ஜிரம் காய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. மாசி, பங்குனி வெயில்தான் அதற்குச் சரி. அடைப்பான் ஃபெல்ட்டை இரண்டுக்கு மட்டும் மாற்றியதும் சரியில்லை. மற்றவையும் அதே வயசு, 39ஐயும் ஒரே மூச்சில் மாற்றியிருக்க வேண்டும். அரை மீட்டர் ஃபெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். கப்ளரில் இரண்டு கம்பி ஒடிந்திருக்கிறது, ஈஸ்டருக்கு முன் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செய்து பார்க்க உத்தேசம். பெட்டி இப்போது மேற்கு ஜன்னலை விட்டு உள்ளறை மேசைக்குப் போய்விட்டது, மேலே தடித்த காடாத்துணி உறை. அம்மா தினமும் சாயங்கால ஜெபத்தில் ஐந்து நிமிஷம் துருத்தி அடிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். வாசிக்கத் தெரியாது, சும்மா ஒரு ‘ச’வைப் பிடித்துக்கொண்டிருந்தாலே தோல் விறைக்காது.

தாளைப் போனில் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன், பென்சில் மங்கிக்கொண்டு வருகிறது. அண்ணன் மகனின் பெயரையும் சேர்த்திருக்கிறோம். குரல் உடைகிற வயசு என்பதால் எதிரே எண் போடவில்லை, அடுத்த கிறிஸ்மஸுக்குப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.